மூட்டையின் சரியான எடை

மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையும் நீ பாதியில் மடித்து வைக்கலாம், ஆனால் மீதி எங்கேயும் ஓடிவிடாது. கோபம் ஆறினதும் எடுத்துப் படி.

நாங்கள் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நான், உன் மாப்பிள்ளை, நாய் மூட்டை, பூனை மேனேஜர், நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். "பிளேன்ல ஏத்தினா நாய் நெஞ்சடைச்சே செத்துடும்டி" என்று தலையில் அடித்துக்கொண்டாயே, மூட்டை வழி முழுக்கத் தூங்கிவிட்டு, கூண்டைத் திறந்த அதிகாரியின் காதை நக்கியது. மேனேஜருக்குத்தான் மானம் போய்விட்டது. ஆளாளுக்குக் கழுத்தைப் பிடித்துக் கருவியால் தடவிப் பார்த்ததில் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கூரைப் புறாக்களுக்கு வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்துவிட்டது.

வீடு மாடியில், இரண்டே அறை. குளியலறைக் கதவு மூட வேண்டுமானால் நடுவில் துண்டை மடித்துக் கொடுத்து இழுக்க வேண்டும். சமையலறைக் குழாய் முதலில் இருமும், பிறகுதான் தண்ணீர் விடும். எனக்குப் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. நாள் முழுக்க யாரென்றே தெரியாத ஒருவரின் தாடை என் எதிரில் உட்கார்ந்து இளிக்கிறது. நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை, அதனால் நானும் பதிலுக்கு இளிக்கிறேன். அவருக்கும் பஸ் பணிமனையில் வேலை கிடைத்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். பத்து கிலோவுக்கு மேல் நாய் இருக்கக் கூடாது என்பது அவர் ஒப்பந்தத்தில் ஏழாவது வரி. அதற்காகத்தானே உன்னிடம் எடைச் சீட்டு வாங்கினேன். "9 கிலோ 800" என்று நீ எழுதி, முத்திரை குத்திக் கொடுத்த சீட்டை நீட்டினேன். அந்தம்மா சீட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "இரண்டில் ஒன்று பொய்" என்றார். உள்ளே போய்க் குளியலறைத் தராசைத் தூக்கிவந்து மூட்டையை அதன்மேல் உட்கார வைத்தார். பன்னிரண்டு கிலோ இருநூறு!

மே 31 வரை கெடு கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அதே தராசில் பத்துக்குள் நிற்காவிட்டால் மூட்டை இந்த வீட்டில் இருக்க முடியாது. பதினோரு வீட்டில் 'நாய் பூனை ஆகாது' என்று விரட்டியபின் கிடைத்த வீடு இது, வேறு இடம் தேடத் தெம்பில்லை. "அக்காகிட்டயே திருப்பி அனுப்பிடலாமே" என்று உன் மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவரே சமைத்துக்கொண்டார்.

இரண்டு கேள்வி. ஒன்று, நீ சரியாகத்தான் எடை போட்டாயா? இரண்டு, கிளம்பின அன்று டாக்ஸியை உன் எடைமேடை வாசலில் ஐந்து நிமிஷம் நிறுத்தினேன். ஏன் நீ வெளியே வரவில்லை?

தங்கச்சி


மார்ச் 16

தங்கச்சிக்கு,

படித்தேன். முழுசாகத்தான் படித்தேன்.

பதினெட்டு வருஷமாக இந்த எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஜல்லி லாரி, மணல் லாரி, இரும்பு லாரி எல்லாம் என் கண் முன்னால்தான் ஏறி இறங்குகிறது. டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் 'கறாரு'. ஒரு கிலோ கூட்டி எழுது, குறைத்து எழுது என்று கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு. ஒருவர் என் காலிலேயே விழுந்தார். அவரை எழுப்பி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சரியான எடையை எழுதி அனுப்பினேன். அப்படிப்பட்டவளைப் பார்த்துச் சரியாக எடை போட்டாயா என்று கேட்கிறாய். நன்றாக இருக்கிறது.

அன்றைக்கு மேடையில் வரிசையாகப் பதினோரு லாரி நின்றது. எப்படி எழுந்து வருவது?

மூட்டை எப்படி நம்மிடம் வந்தது என்பது உனக்கு மறந்திருக்கும். சிமென்ட் லாரி டிரைவர் படுதாவைத் தூக்கிவிட்டு, "ஏம்மா, கணக்குல ஒரு மூட்டை கூடுதலா இருக்கே" என்று கூப்பிட்டார். சாக்குக்கு நடுவில் சாக்கு மாதிரியே சுருண்டு கிடந்தது. பார்சல் தராசில் வைத்தேன், ஒரு கிலோ அறுநூறு. என் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து வளர்த்தது நான். குளிப்பாட்டியது நீ, அதை ஒப்புக்கொள்கிறேன். நீ கிளம்புமுன் நடந்த சண்டையில் அதை நூறு தடவை சொன்னாய்.

அது படுக்கிற பழைய சாக்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கூடவே நான் செய்த பிஸ்கட் இரண்டு டப்பா. பழகின ருசி இல்லாமல் ஏங்கிப் போயிருக்கும்.

நாயைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. வாசல் கேட்டில் கீழே ஒரு ஓட்டை இருக்கிறது, அடைக்க ஆள் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

சாக்கைப் பிரித்ததும் மூட்டை செய்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முகர்ந்தது, சுற்றிச் சுற்றி வந்தது, அதன்மேல் விழுந்து புரண்டது, பிறகு வாசல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சாக்கு வந்துவிட்டது, பின்னாலேயே ஆளும் வரும் என்று நினைத்திருக்கும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதே அரை மணி நேரம் ஞாபகம் இல்லை.

ஆனால் பிஸ்கட்? அக்கா, எடை குறைக்க வேண்டிய நாய்க்கு யாராவது இரண்டு டப்பா பிஸ்கட் அனுப்புவார்களா? அவற்றை அலமாரியின் உச்சியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மூட்டை அலமாரிக்குக் கீழேயே குடியிருக்கிறது.

நானும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அதை வைத்திருக்கிறேன். சாப்பாடு பாதி. காலையும் மாலையும் நடை. இந்தத் தெருவில் ஏற்றம் அதிகம், மூட்டை பாதி வழியில் படுத்துவிடுகிறது, நான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். அதனால் இளைத்தது நான்தான். நேற்று வீட்டுக்காரம்மா எடை போட்டார். பன்னிரண்டு நானூறு! கூடியிருக்கிறது! அந்தம்மா என்னை ஏதோ திருட்டு நாய் வியாபாரியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துவிட்டுத் தராசை உள்ளே எடுத்துப் போனார். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் எடை பார்க்கலாம் என்றால் ஜூலையில்தான் நேரம் தருகிறார்கள். அப்படியே பார்த்தாலும், "என் வீடு, என் தராசு" என்கிறார்.

உண்மையைச் சொல். மூட்டை திரும்பி வரட்டும் என்றுதானே பிஸ்கட் அனுப்பினாய்?

தங்கச்சி


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

பிஸ்கட் அனுப்பினால் குற்றம், அனுப்பாவிட்டால் கல்நெஞ்சம். உன்னிடம் நல்ல பெயர் வாங்க முடியாது.

அரைச் சாப்பாட்டில் நாய் எடை ஏறாது. எடை சும்மா வானத்திலிருந்து குதிக்காது. லாரியில் கூடுதலாக எடை காட்டினால் வண்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் இறங்கிப் போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்ப்பேன். நீயும் பார். மாப்பிள்ளை சாப்பிடும்போது மேசைக்கு அடியில் அவர் கை எங்கே இருக்கிறது என்று முதலில் கவனி. அவர் இளகின மனசுக்காரர், எனக்குத் தெரியும்.

இங்கே வீடு அமைதியாக இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் செருப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் கடித்துப் போடவில்லை. சாப்பிடும்போது யாரும் முழங்காலில் மோவாயை வைப்பதில்லை. சௌகரியமாகத்தான் இருக்கிறது.

கேட் ஓட்டையை அடைத்துவிட்டேன். சும்மா, வேறு காரணம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். மேசைக்கு அடியில் அவர் கை சுத்தமாக இருந்தது. ஆள் யார் தெரியுமா? மேனேஜர்!

ஒரு மாதத்துக்கு மேலாகவே மேனேஜரின் தட்டு காலி, ஆனால் மேனேஜர் சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவது மாதிரிக் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் நின்றேன். பின்பக்க ஜன்னல் வழியாக மேனேஜர் இறங்கி, வீட்டுக்காரம்மாவின் சமையலறைக்குள் சொந்த வீட்டுக்குப் போவது மாதிரிப் போனது. எட்டிப் பார்த்தால், அந்தம்மா பீங்கான் தட்டில் மீன் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறார்! மேலே மேனேஜரின் முழுச் சாப்பாட்டையும் மூட்டை முடித்துக்கொண்டிருந்தது. அரைச் சாப்பாட்டு நாய்க்கு ஒன்றரைச் சாப்பாடு கிடைத்த கதை இதுதான்.

என்னைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "தட்டைக் கழுவத்தான் வைத்திருந்தேன்" என்றார். நானும் நம்பினது மாதிரித் தலையாட்டினேன். இப்போது மேனேஜரின் தட்டை எடுத்துவிட்டேன், அதன் சாப்பாடு அதிகாரபூர்வமாகவே கீழ்வீட்டில். நேற்றைய எடை பன்னிரண்டு.

ஆனால் இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டும், இருப்பது ஐந்து வாரம். இதற்கு மேல் பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை. மூட்டை வெறும் தட்டை நக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கும்போது நான் சுவரைப் பார்க்கிறேன். திருப்பி அனுப்புவது எப்படி என்று உன் மாப்பிள்ளை விசாரித்து வைத்திருக்கிறார். முடிவாக ஒன்று சொல்லிவிட்டேன். மூட்டையைத் தனியாக அனுப்ப மாட்டேன். அது போனால் நானும் கூட வந்துவிடுவேன். பல் செட்டை வேறு யாராவது செய்துகொள்ளட்டும்.

இதைப் படித்ததும் நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டு. இந்த ஊரில் என்னைத் திட்ட ஆளே இல்லை.

சண்டையில் "அந்த நாய் உனக்குப் பொழுதுபோக்கு, எனக்குப் பிள்ளை" என்று சொன்னேன். அது தப்பு. நீ செருப்பைப் பற்றி எழுதினதைப் படித்தபிறகு அந்த வார்த்தை முள் மாதிரிக் குத்துகிறது. மன்னித்துவிடு.

தங்கச்சி


மே 4

தங்கச்சிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

இத்துடன் ஒரு சீட்டு இருக்கிறது. அதே தேதி, அதே சீட்டுப் புத்தகம், உனக்குக் கொடுத்ததற்கு முந்தின எண். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். 11 கிலோ 400. அதுதான் மூட்டையின் சரியான எடை. அதை எழுதி, 'ரத்து' என்று கோடு போட்டுவிட்டு, அடுத்த சீட்டில் உனக்கு 9 கிலோ 800 எழுதினேன். பதினெட்டு வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. முத்திரையைச் சீட்டைப் பார்க்காமலே குத்தினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். முந்தின நாள் சாயங்காலம் உன் அறைக்கு வந்தேன். பெட்டியைப் பாதி கட்டிப் போட்டுவிட்டு, மூட்டையின் வயிற்றில் தலைவைத்துப் படுத்திருந்தாய். "இதை விட்டுட்டுன்னா நான் போகவே மாட்டேன்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ சொன்னால் செய்வாய். நாலு வருஷம் அந்த வேலைக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உன்னை அனுப்ப எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை, நாயை அனுப்ப அதைவிட இஷ்டமில்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரையும் அனுப்பும் சீட்டை நானே எழுதிவிட்டேன்.

அன்றைக்குப் பதினோரு லாரி நின்றது என்று எழுதினேன். ஒரு லாரிகூட இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். நான் அழுதால் நீ டாக்ஸியை விட்டு இறங்கிவிடுவாய். ஜன்னல் வழியாக மூட்டையின் மூக்கு தெரிந்தது. ஐந்து நிமிஷமும் அதைத்தான் பார்த்தேன்.

பிஸ்கட் விஷயத்தில் நீ நினைத்தது சரி. முழுக்கவும் அல்ல, பாதி சரி. கேட் ஓட்டையையும் அதற்காகத்தான் அடைத்தேன். போன கடிதத்தில் நானும் வந்துவிடுவேன் என்று நீ எழுதினதைப் படித்ததும், பொய் சொல்வானேன், முதலில் மனசு குதித்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் நாலு வாரம் சும்மா இருந்தால் போதும், இரண்டு பேரும் என் வாசலில் வந்து நிற்பீர்கள். இரண்டு நாள் அந்த ஆசையோடுதான் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் ஒரு மணல் லாரி வந்தது. டிரைவர், "அம்மா, உங்க சீட்டுன்னா நான் படிச்சுக்கூடப் பாக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இப்போது கவனமாகக் கேள், இதுதான் முக்கியம். நீ கிளம்பும்போது மூட்டை 11 கிலோ 400. ஒன்பது நாள் கழித்து அந்தம்மாவின் தராசில் 12 கிலோ 200. கூண்டில் அடைபட்டு, ஊர் மாறி அலைந்த நாய் ஒன்பது நாளில் எண்ணூறு கிராம் ஏறுமா? ஏறாது. ஆக அந்தத் தராசும் பொய் சொல்கிறது. நான் தெரிந்து சொன்னேன், அது தெரியாமல் சொல்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தினமும் காலையில் மேடையைத் திறந்ததும் நான் முதலில் செய்யும் வேலை தராசைச் சோதிப்பது. எடை தெரிந்த ஒன்றை ஏற்றாமல் எடை தெரியாத எதையும் ஏற்ற மாட்டேன். நீ கடையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பத்து வாங்கு. சீல் உடைக்காதே, அந்தம்மாவே உடைக்கட்டும். பத்தையும் தராசில் அடுக்கு. பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பாட்டிலை அடுக்கு. காலி லாரி, லோடு லாரி, அதே கணக்குதான். கழித்தால் பத்து வர வேண்டும். எவ்வளவு கூடுதலாக வருகிறதோ, பத்து கிலோவுக்கு அவ்வளவு அந்தத் தராசு ஏமாற்றுகிறது.

ஆனால் முதலில் இரண்டு சீட்டையும் அந்தம்மாவிடம் காட்டி, என் அக்கா பொய் எழுதினாள் என்று சொல்லிவிடு. நம் பொய்யை மறைத்துக்கொண்டு அவர் தராசைக் குறை சொல்லக் கூடாது.

வேலையை விட்டுவிட்டு வந்தால் கேட்டைத் திறக்க மாட்டேன். நிஜமாகவே.

அக்கா


ஜூன் 1

அக்கா, அக்கா, அக்கா!

உன் கடிதத்தைக் கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். கூடச் சிரிப்பும் வந்தது. கூட வேலை செய்கிற பெண் பயந்துபோய், "பல் வலியா?" என்று கேட்டாள்.

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா தராசோடு மேலே வந்தார். பின்னாலேயே மேனேஜர், ஏதோ அவருடைய உதவியாளர் மாதிரி. மூட்டையைத் தூக்கி வைத்தோம். முள் ஆடி ஆடி நின்றது. பத்து கிலோ அறுநூறு.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது" என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தார். மூட்டை போனால் மேனேஜரும் போய்விடுமே!

நீ சொன்ன மாதிரியே முதலில் இரண்டு சீட்டையும் எடுத்து நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஏன் பொய் எழுதினாய், ஏன் இப்போது உண்மையை எழுதினாய், கேட்டில் ஓட்டை அடைத்தது வரைக்கும். அந்தம்மா சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உன் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. இதில் மட்டும் முத்திரை கோணலாக இருக்கிறது" என்றார். பிறகு, "தராசைச் சோதிக்கலாம்" என்றார்.

பத்து பாட்டிலையும் அவரே எண்ணி அடுக்கினார். சரியாகப் பதினொன்று காட்டியது. ஒவ்வொன்றாக அவரே மூடியைத் திறந்து வாளியில் கொட்டினார். வெறும் பாட்டில் பத்தும் சேர்ந்து முந்நூறு கிராம். பென்சில் எடுத்துக் கழித்தார். பத்து கிலோ எழுநூறு. இன்னொரு முறை கழித்தார். அதேதான். பத்து கிலோ தண்ணீருக்கு எழுநூறு கிராம் கூட்டிச் சொல்கிறது! அப்படியானால் மூட்டை? காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒன்பது கிலோ தொள்ளாயிரம்.

நான் கத்தினேன். உன் மாப்பிள்ளையும் கத்தினார். மூட்டை எதற்கென்று தெரியாமலே குரைத்தது. வீட்டுக்காரம்மா மட்டும் அசையவே இல்லை. பென்சில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மூட்டையை இறக்கிவிட்டுத் தானே தராசில் ஏறினார். எழுபத்தெட்டு. இறங்கிக் கணக்குப் போட்டார்.

"எழுபத்துமூன்று" என்றார். "நான் எழுபத்துமூன்றுதான்!"

அக்கா, அந்தம்மா ஆறு வருஷமாக இந்தத் தராசுக்குப் பயந்து ரொட்டியில் வெண்ணெய் தொட்டதில்லையாம். தினமும் காலையில் ஏறி, தினமும் மனசு உடைந்து இறங்குவாராம். தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கீழே போய் ஒரு முழு ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துவந்து, எங்கள் மேசையில் உட்கார்ந்து நாலு துண்டு சாப்பிட்டார். ஒப்பந்தத்தை எடுத்து ஏழாவது வரியை அவர் கையாலேயே அடித்தார். அலமாரியிலிருந்து உன் பிஸ்கட்டை எடுத்து மூட்டைக்கு ஒன்று கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான், சத்தியமாக.

அந்தம்மா உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். சமையலறையில் அவருக்கு இன்னொரு தராசு இருக்கிறதாம், அதன்மேலும் இப்போது சந்தேகமாம். "உன் அக்கா வந்து பார்க்க மாட்டாளா?" என்று கேட்கிறார். அவர் தராசுக்காகக் கேட்கிறார். நான் எனக்காகக் கேட்கிறேன். மூட்டை இன்னும் சாக்கில் படுத்து வாசலைத்தான் பார்க்கிறது.

வருவாயா?

தங்கச்சி


ஜூன் 14

தங்கச்சிக்கு,

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மூன்று வாரம் லீவு கேட்டேன். மேலாளர் என் முகத்தைப் பார்த்து, "உடம்புக்கு ஏதாவதாம்மா?" என்று பயந்துவிட்டார். தங்கச்சி வீட்டுக்கு என்றேன். டிரைவர்களுக்குச் சந்தோஷம், கறாரு மூன்று வாரம் இருக்க மாட்டாள் என்று. என் இடத்துக்கு வருகிறவள் என்னைவிடக் கறார் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஏழாம் தேதி, மத்தியானம் இரண்டு மணிக்கு விமானம் இறங்கும். வீட்டுக்காரம்மாவிடம் சொல், சோதனை எடைக்கல் இரண்டு கொண்டுவருகிறேன். அவர் வெண்ணெயை நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோதான் அனுமதி. நேற்று எடை போட்டால் இருபத்து நாலு இருநூறு. பிஸ்கட் டப்பாவை வெளியே எடுத்தேன், திருப்பி வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். கடைசியில் என் புதுச் செருப்பையும் இரண்டு புடவையையும் எடுத்துவிட்டேன். செருப்பு இருந்தாலும் அங்கே யார் விட்டு வைக்கப் போகிறார்கள்?

நீ கிளம்பின அன்று நான் வெளியே வரவில்லை. அதைச் சொல்லிக் காட்டி நீ வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே. விமான நிலைய வாசலுக்கு வந்து நில். மூட்டையையும் கூட்டிக்கொண்டு வா. இந்த முறை நான் அழுவேன், கண்டுகொள்ளாதே.

பெட்டி இருபத்திரண்டு கிலோ எண்ணூறு. சீட்டு இணைத்திருக்கிறேன், முத்திரை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அக்கா